அட்வான்ஸ் கட்டிப் படித்த இங்கிலீஷ்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் ஓரிடத்தில் உட்கார்ந்தால் முதலில் முட்டி வலி, அப்புறம் சர்க்கரை, அதற்கும் அப்புறம் படித்த காலம் என்று பேச்சு இறங்கிவரும். எந்தப் பள்ளிக்கூடம், எந்த குரூப் என்று விசாரித்துக்கொள்வோம். நான் என் குரூப்பைச் சொன்னதும் எதிரே இருப்பவர் ஒரு தடவை முழித்துவிட்டு, "அட்வான்ஸ்டு இங்கிலீஷா? அப்படி ஒண்ணு இருந்துச்சா?" என்பார். இருந்தது. அறந்தாங்கியில் நான் படித்த பெண்கள் பள்ளியில் இருந்தது. பிளஸ் டூவில் எல்லோரும் படிக்கிற இங்கிலீஷ் வேறு, அது எங்களுக்கும் உண்டு. இது அதற்கும் மேலே, வரலாறு, பொருளியல், வணிகவியலோடு நாலாவது பாடமாக வருவது. என் வருஷத்தில் அதைப் படித்தவள் நான் ஒருத்திதான்.

இங்கிலீஷ் மேல் இருந்த ஆசையில் சேர்ந்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் அத்தா சபரில் இருந்தார். எங்கள் முஸ்லிம் வீடுகளில் அப்பாவை அத்தா என்போம், வெளிநாட்டுக்குப் போய்ச் சம்பாதிப்பதைச் சபர் என்போம். அந்தக் காலத்தில் எங்கள் தெருவில் பாதி வீட்டு ஆண்கள் சபரில்தான் இருந்தார்கள். அதனால் என்னைப் பள்ளியில் சேர்க்க வந்தது அம்மாவின் தம்பி, என் மாமா. ஆபீஸ் ரூமில் இருந்த கிளார்க், "சிறப்புத் தமிழா, அட்வான்ஸ்டு இங்கிலீஷா, எதைப் போடட்டும்?" என்று கேட்டார். மாமா பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருந்தவர். கடை பிடிக்க அட்வான்ஸ், விசாவுக்கு அட்வான்ஸ், கல்யாணத்துக்குச் சமையல்காரரைப் பிடிக்க அட்வான்ஸ் என்று அந்தச் சொல்லோடு நன்றாகப் பழகியவர். கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"அட்வான்ஸே போட்டுருவோம்ங்க. அப்பத்தான் சீட்டு கையை விட்டுப் போகாது" என்றார்.

கிளார்க்கும் எழுதிக்கொண்டார். வாசல் வரை வந்த மாமா திரும்பிப் போய், "ரசீது குடுக்கலீங்களே" என்று கேட்டதும்தான் விஷயம் வெளியே வந்தது. ஆனாலும் மாமா விட்டுக்கொடுக்கவில்லை. கடைசிவரை ஊரெல்லாம், "என் அக்கா மக அட்வான்ஸ் கட்டி இங்கிலீஷ் படிக்குது" என்றுதான் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

பதினொன்றாம் வகுப்பில் என்னோடு ஒரு கைப்பிடி பேர் இருந்தார்கள். புத்தகத்தைப் பார்த்து மிரண்டு ஒவ்வொருத்தியாகச் சிறப்புத் தமிழுக்குத் தாவினார்கள். கடைசியாகப் போனவள் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவள். புத்தகப் பையை எடுத்துக்கொண்டே, "நீயும் அங்கிட்டு வந்துருடி. அங்க சிரிச்சுப் பேசலாம். இங்க இருந்து தனியா என்னத்தப் பண்ணப் போற?" என்றாள். நல்லவள். எனக்கும் போக ஆசைதான். போகாததற்குக் காரணம் ஒரு கேசட்.

கேசட்டை நம் தலைமுறைக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனால் சபராளி வீடுகளில் அதற்கு இருந்த வேலை எல்லோருக்கும் தெரிந்திருக்காது. கடுதாசி எழுதச் சோம்பல்படுகிறவர்களும் எழுதத் தெரியாதவர்களும் கேசட்டில் பேசி, லீவில் ஊருக்கு வருகிற யாரிடமாவது கொடுத்துவிடுவார்கள். சென்ட்டும் கோடாரித் தைலமும் மணக்கிற பையிலிருந்து அது எங்கள் வீட்டுக்கு வரும். நடுக்கூடத்தில் டேப் ரெக்கார்டரை வைத்துச் சுற்றி உட்காருவோம். அத்தா முதலில் சலாம் சொல்வார். பிறகு அம்மாவுக்கு, மாமாவுக்கு, பெரியம்மாவுக்கு, அக்காவுக்கு, பக்கத்து வீட்டுக்காரருக்கு என்று முறை வைத்துப் பேசுவார். பின்னால் ஒரு ஏர்கண்டிஷன் இரைந்துகொண்டே இருக்கும். எனக்கான பேச்சு வருவதற்குள் பாதிப் பேர் எழுந்து போயிருப்பார்கள். கேட்டு முடித்த பிறகு அதே கேசட்டில் எங்கள் பேச்சைப் பதிந்து அடுத்த ஆளிடம் திருப்பி அனுப்புவோம். எங்கள் குரல் ஏற ஏற அத்தாவின் குரல் அழிந்துவிடும். அப்போது அது யாருக்கும் பெரிதாகத் தோன்றவில்லை. இன்று அத்தாவின் குரல் என்று கேட்க என்னிடம் ஒன்றுகூட இல்லை.

நான் பதினொன்றில் சேர்ந்த செய்தி போனதும் வந்த கேசட்டின் கடைசியில் அத்தா என்னிடம் பேசினார். "ஒங்க மாமா சொன்னாப்ல. நல்லாப் படிம்மா. இங்க ஆபீஸ்ல எல்லாமே இங்கிலீஷ்தான். நான் வந்தோன்ன நீயும் நானும் இங்கிலீஷ்லயே பேசிக்குவோம். வீட்டுல ஒருத்தருக்கும் ஒண்ணும் புரியக்கூடாது, என்ன?"

அந்த வார்த்தை என்னைக் கட்டிப்போட்டுவிட்டது. ஏன் என்று சொல்கிறேன். அதற்கு முன் அத்தா லீவில் வந்தபோது நான் சின்னப் பெண். விடிந்ததிலிருந்து படுக்கும்வரை வீட்டில் ஆட்கள். ஃபாரின் சோப்பு வாங்க வருகிறவர்கள், விசா கேட்டு வருகிறவர்கள், சும்மா பார்க்க வருகிறவர்கள். அத்தாவோடு தனியாக உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசியதாக எனக்கு ஞாபகமே இல்லை. இங்கிலீஷ் படித்துவிட்டால் அத்தனை பேர் நடுவிலும் அவரை எனக்கென்று தனியாக எடுத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. அது ஒன்றுக்காகத்தான் அந்தப் பாடத்தை விடாமல் பிடித்துக்கொண்டேன்.

அத்தா மேல் வீட்டில் எல்லோருக்கும் ஒரு மனத்தாங்கல் இருந்தது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். நான் பதினொன்றில் சேர்வதற்கு முந்தைய வருஷம் நடந்த அக்காவின் கல்யாணத்துக்கு அவர் வரவில்லை. பெண்ணைப் பெற்றவர் இடத்தில் மாமா உட்கார்ந்துதான் நிக்காஹ் நடந்தது. "ஆபீஸ் உத்தியோகம் வந்துட்டா மக கல்யாணம்கூட மறந்துருமோ" என்று பெரியம்மா பந்தியிலேயே பேசினாள். அக்கா மட்டும் மருதாணிக் கையோடு வாசலை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கான வகுப்பு தையல் ரூமில் நடந்தது. ஓடாத தையல் மெஷின்களை ஓரமாகத் தள்ளிவிட்டு ஒரு பெஞ்சும் ஒரு நாற்காலியும் போட்டிருந்தார்கள். எந்நேரமும் மெஷின் எண்ணெய் வாடை. சுவருக்கு அந்தப்பக்கம் சிறப்புத் தமிழ் வகுப்பு. அங்கே என்ன பாடமோ தெரியாது, அடிக்கடி சிரிப்பு மட்டும் கேட்கும். அந்தச் சிரிப்புக்கு நடுவில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளின் சிரிப்பு எது என்று கண்டுபிடிப்பது என் பொழுதுபோக்கு.

இங்கிலீஷ் டீச்சர் ஆவூர்ப் பக்கத்து கிறிஸ்தவக் குடும்பம். லேடீஸ் ஹாஸ்டலில் தங்கியிருந்தார். கழுத்தில் மெல்லிய சங்கிலியில் ஒரு சிலுவை, கையில் எப்போதும் மற்ற வகுப்புகளின் பரீட்சைப் பேப்பர் கட்டு. ஒருநாள் மனசில் இருப்பதை ஒளிக்காமல் சொன்னார். "இந்தாம்மா, நீ ஒருத்தி மாறிக்கிட்டீன்னா எனக்கு இந்த பீரியடு ஃப்ரீ. ஒனக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி. யோசிச்சுப் பாரு."

"இல்ல டீச்சர், படிக்கிறேன்" என்றேன்.

"சரி, படி" என்று பெருமூச்சு விட்டு சிவப்பு மசிப் பேனாவை எடுத்தார். அவர் திருத்துவார், நான் படிப்பேன். நான் சத்தமாக ஒரு பாராவைப் படித்து முடித்தால் தலை நிமிராமல், "நெக்ஸ்ட்" என்பார். அடுத்தது வாசிக்க வேறு யாரும் கிடையாது. நானே மறுபடி ஆரம்பிப்பேன். இன்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்று அப்படி வரவில்லை. ஒரு வகுப்பு முழுக்க நானாகவே இருப்பது மாதிரி தனிமை வேறு கிடையாது. கேள்வி கேட்டால் நான்தான் பதில் சொல்ல வேண்டும், தெரியவில்லை என்றால் பக்கத்தில் கிசுகிசுக்க ஒரு நாதி இல்லை.

படிக்கத்தான் வழி இருந்தது. பேச வழியில்லை. டீச்சரிடம் இங்கிலீஷில் பேசினால், "இலக்கணத்தை முதல்ல சரியா எழுது, அப்புறம் பேசலாம்" என்பார். வீட்டில் யாருக்கும் தெரியாது. கடைசியில் கொல்லையில் பெருநாளைக்கு வளர்த்த ஆட்டைப் பிடித்தேன். சாயங்காலம் அகத்திக்கீரைக் கட்டை அதன் முன்னால் போட்டுவிட்டு எதிரே குந்திக்கொள்வேன். "ஃபாதர், ஹவ் வாஸ் யுவர் ஜர்னி?" என்று கேட்பேன். ஆடு தழையை மென்றுகொண்டே என்னைப் பார்க்கும். அத்தா என்ன சொல்வார் என்று யோசித்து அதற்கான பதிலையும் நானே குரலை மாற்றிச் சொல்வேன்.

ஒருநாள் அம்மா பின்னால் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை. மறுநாள் பள்ளியிலிருந்து வந்தபோது அம்மா ஒரு சொம்புத் தண்ணீரோடு நின்றிருந்தாள். பள்ளிவாசல் அஜரத்திடம் ஓதி வாங்கி வந்த தண்ணீர்.

"பிஸ்மி சொல்லிக் குடிச்சுரு தங்கம்" என்றாள்.

"எதுக்கும்மா? எனக்கு ஒண்ணும் இல்லியே."

"ஒண்ணும் இல்லாமயா ரெண்டு குரல்ல பேசுற? கொல்லப்பக்கம் விளக்கு வச்ச நேரத்துல போகாதன்னா கேக்குறியா?"

அது இங்கிலீஷ், பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று சொல்லியும் அவள் நம்பவில்லை. பாஷை தெரியாத அம்மாவுக்கு எல்லாம் ஒன்றுதான். குடித்தேன். ஒரு வாரம் குடித்தேன். கொல்லைப் பக்கம் போகவும் தடை வந்துவிட்டது. பேசுவதற்கு இருந்த அந்த ஆடும் போயிற்று. அதன் பிறகு போர்வைக்குள் உதட்டை மட்டும் அசைத்துப் பேசிப் பழகினேன்.

பொதுத்தேர்வுக்குக் கொஞ்ச நாள் முன்னால் அத்தா வந்தார். திருச்சியிலிருந்து பிடித்து வந்த கார் தெருமுனையில் திரும்பும்போதே கூட்டம் சேர்ந்துவிட்டது. காருக்கு மேலே கயிறு கட்டிய பெட்டிகள். அத்தா கறுத்து மெலிந்திருந்தார். சட்டை மட்டும் மினுமினுத்தது. கூடத்தில் பாய் விரித்து, எல்லோரையும் உட்காரவைத்து, அம்மா டீ போட்டுக் கொடுத்தாள். நான் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கூட்டம் கலையட்டும், அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று இருந்தேன். மாமா விடவில்லை.

"மச்சான், ஒங்க மக எத்தன நாளா இதுக்குக் காத்துக்கிட்டு இருக்குது தெரியுமா? இங்கிட்டு வா புள்ள. அத்தாகிட்ட இங்கிலீஷ்ல நாலு கேள்வி கேளு. அட்வான்ஸ் கட்டிப் படிச்சது வீண் போகலன்னு எல்லாரும் பாக்கட்டும்."

என்னைப் பிடித்து முன்னால் தள்ளினார்கள். அத்தா டீ கிளாஸை வாய்க்குக் கொண்டுபோனவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் கண்ணை மூடிக்கொண்டு, ஆட்டிடம் ஆயிரம் தடவை சொன்னதை ஒரே மூச்சில் கடகடவென்று சொன்னேன். "ஃபாதர், மே ஐ நோ ஹவ் யூ ஸ்பென்ட் யுவர் டேஸ் இன் தி ஆபீஸ்?"

கண்ணைத் திறந்தபோது அத்தா பாயில் இல்லை. கிளாஸைத் தரையில் வைத்துவிட்டு எழுந்து நின்றுகொண்டிருந்தார். கைகள் இரண்டும் முன்னால் கோத்திருந்தன. தலை கொஞ்சம் குனிந்திருந்தது.

"எஸ் சார்" என்றார்.

கூடம் அதிர்கிற மாதிரி சிரித்தார்கள். "மச்சானுக்குக் குசும்பு குறையலயே" என்று மாமா தொடையில் தட்டிக்கொண்டார். பெரியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஒரு கணம் கழித்து அத்தாவும் சிரித்தார், சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். நான் எதிரே நின்றதால் அவர் முகத்தைப் பார்த்தேன். அது விளையாட்டு இல்லை. என் கேள்வியில் ஒரு வார்த்தைகூட அவருக்குப் புரியவில்லை. யாரோ இங்கிலீஷில் பேசினார்கள், எழுந்து நின்றுவிட்டார். எதிரே நிற்பது மகள் என்பது அவருக்கு அப்புறம்தான் தெரிந்தது. நான் பார்த்துவிட்டேன் என்பதும் அவருக்குத் தெரிந்துவிட்டது.

அதன் பிறகு நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் தவிர்க்க ஆரம்பித்தோம். அவர் கூடத்தில் இருந்தால் நான் மாடிக்குப் போவேன். நான் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தால் அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்புவார். "அத்தாவும் மகளும் இங்கிலீஷ்ல பேசலியா?" என்று கேட்பவர்களிடம், "பரீட்சை முடியட்டும்" என்று அவரே சொல்லிவிடுவார். அத்தா சபரில் இருந்தபோதுகூட நான் அவ்வளவு தனியாக உணர்ந்ததில்லை. அப்போதாவது வருவார், பேசுவோம் என்று ஒன்று இருந்தது.

அவர் திரும்பிப் போவதற்கு முன்னால் ஹால் டிக்கெட் வாங்குகிற நாள் வந்தது. பெற்றோர் யாராவது வந்து கையெழுத்துப் போட வேண்டும். மாமாவுக்குக் கடையில் வேலை. அத்தா வந்தார். கையெழுத்துப் போட்டு முடித்ததும், "எங்கம்மா ஒன் வகுப்பு?" என்று கேட்டார். தையல் ரூமுக்குக் கூட்டிப்போனேன். பாடமெல்லாம் முடிந்து படிப்பு விடுமுறை விட்டிருந்ததால் அந்தப் பக்கம் அரவமில்லாமல் கிடந்தது. அத்தா அந்த ஒற்றை பெஞ்சைத் தடவிப் பார்த்தார்.

"இதுலயா ஒத்தையா உக்காந்துருந்த?"

"ஆமாத்தா."

பெஞ்சின் ஒரு ஓரத்தில் உட்கார்ந்தார். நான் மறு ஓரத்தில் உட்கார்ந்தேன். வெளியே வேப்பமரத்தில் காகம் ஒன்று விடாமல் கத்தியது.

"நான் பொய் சொல்லலம்மா" என்றார். "ஆபீஸ்லதான் இருக்கேன். கூட்டுறேன், டீ போட்டுக் கொண்டு போய்க் குடுக்குறேன். நீங்களா நெனைச்சுக்கிட்டீங்க. நானும் சரின்னு விட்டுட்டேன். இங்கிலீஷ்லயே பேசிக்குவோம்னு கேசட்டுல சொன்னது ஏதோ ஆசையில சொன்னது."

நான் தலையை ஆட்டினேன்.

"ஒங்க அக்கா கல்யாணத்துக்கு லீவு கேக்கத்தான் மேனேஜர் ரூமுக்குப் போனேன். எனக்காகப் பேசுற மலையாளத்துப் பையன் அப்ப ஊருக்குப் போயிட்டான். அந்த மேனேஜருக்கு மூச்சு விட்டா இங்கிலீஷ்தான். 'வாட்'டுங்குறாரு. எனக்கு வாயில வந்தது எஸ் சார் மட்டுந்தான். அவரு டீ கேக்குறாருன்னு நெனைச்சுக்கிட்டு நானும் போயி டீ எடுத்துட்டு வாரேன். மறுபடி போறேன். மறுபடி டீ." அவர் சிரிக்கப் பார்த்தார். "இப்ப கான்ட்ராக்ட் முடிஞ்சு அவங்களா அனுப்பிச்சாங்க. அடுத்து அவங்களா அனுப்புறதுக்கு எத்தன வருசம் ஆகுமோ. அதுக்குள்ள ஒனக்கு ஒரு நல்லது நடந்தா நான் வர வேணாமா? லீவு எப்படிக் கேக்கணும்னு சொல்லிக்குடும்மா."

பணிவாக வேண்டுகோள் விடுவது பற்றி எங்களுக்கு ஒரு பாடமே உண்டு. அதை அப்படியே ஒப்பித்தேன். "சார், ஐ ஷுட் பி கிரேட்ஃபுல் இஃப் யூ வுட் கைண்ட்லி கிராண்ட் மீ..."

"இத நான் சொல்லி முடிக்கிறதுக்குள்ள அவரு எந்திரிச்சு சாப்பிடப் போயிருவாரு" என்றார் அத்தா.

இருவரும் சிரித்தோம். வாக்கியத்தில் ஒவ்வொன்றாகக் கழற்றினேன். நன்றியைக் கழற்றினேன், தயவைக் கழற்றினேன், அனுமதியைக் கழற்றினேன். கடைசியில் மிஞ்சியது இதுதான். "சார், ஐ வான்ட் டு கோ ஹோம்."

அத்தா அதை மெதுவாக மென்று பார்த்தார். "ஏன்னு கேட்டா?"

"மை டாட்டர்னு சொல்லுங்கத்தா. மகளுன்னு அர்த்தம்."

"மை டாட்டர்" என்றார். இரண்டாவது தடவை இன்னும் தெளிவாகச் சொன்னார். பிறகு எழுந்து, "நீ போயி அந்த நாற்காலில உக்காரு. நீதான் மேனேஜர். நான் வெளிய இருந்து வாரேன்" என்றார்.

டீச்சரின் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். அத்தா வெளியே போய்க் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தார். கூடத்தில் நின்ற மாதிரியே கைகளைக் கோத்துக்கொண்டு, தலையைக் கொஞ்சம் குனிந்து எனக்கு முன்னால் நின்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சார், ஐ வான்ட் கோ ஹோம்."

நான் கோத்திருந்த அவர் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சார். மை டாட்டர். ஐ வான்ட் கோ ஹோம்." தலையை நிமிர்த்தாமலே, "பதில் சொல்லும்மா. அந்தாளு மாதிரி கறாரா சொல்லு. எனக்குப் பழகணும்ல" என்றார்.

அவரோடு பேச வேண்டும் என்றுதான் அத்தனை இங்கிலீஷையும் படித்தேன். அதில் ஒரு வார்த்தை வாய்க்கு வரவில்லை.

"வந்துருங்கத்தா" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "அத இங்கிலீஷ்ல சொல்லு."

"எனக்குத் தெரியலத்தா" என்றேன்.